பித்தப்பை வலி: கல் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது?

ஸ்கேன் அறிக்கையில் ‘பித்தப்பையில் கல்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். உடனே ஆபரேஷன் செய்துவிட வேண்டும், விட்டால் வெடித்துவிடும் என்று ஒரு கட்சி. உறுப்பையே வெட்டி எடுப்பதா, மருந்து சாப்பிட்டால் கரைந்துவிடும் என்று இன்னொரு கட்சி. இரண்டு தரப்புமே கல்லைப் பற்றித்தான் பேசும். வலியைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. எந்த இடத்தில் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, கூடவே காய்ச்சல் அடித்ததா, தானாக நின்றதா?

சிகிச்சையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். கல் எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட அது எங்கே இருக்கிறது, அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதே முக்கியம். ஒரே அளவுள்ள கல் ஒருவருக்குள் ஆயுள் முழுக்கச் சும்மா கிடக்கும். இன்னொருவரை நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடவைக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், மருந்து யாருக்கு, ஆபரேஷன் யாருக்கு, யார் காத்திருக்கலாம் என்பதெல்லாம் குழப்பமில்லாமல் விளங்கும்.

## பித்தப்பையின் வேலை

கல்லீரல் நாள் முழுக்கப் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல், ஒரு லிட்டர் வரைகூட. நாம் சாப்பிடும் கொழுப்பை நுண்ணிய துளிகளாக உடைத்து, குடல் உறிஞ்சும் நிலைக்குக் கொண்டுவருவது இந்தப் பித்தநீர்தான். ஆனால் நாம் நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதில்லை. சாப்பாட்டு நேரம் வரும்வரை கொஞ்சம் பித்தநீரைப் பிடித்துவைத்து, அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சி, அடர்த்தியாக்கி வைத்திருக்கும் சேமிப்பிடம்தான் பித்தப்பை. கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீளம் 7 முதல் 10 செ.மீ., கொள்ளளவு 30 முதல் 50 மி.லி. தான்.

சாப்பிட்ட உணவிலுள்ள கொழுப்பு சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தொட்டதும், அங்கிருந்து ‘கோலிசிஸ்டோகைனின்’ என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும். பித்தப்பைக்கு அதுதான் கட்டளை. பை சுருங்கும், பித்தநீர் வெளியே வரும். வெளியே வரும் வழி மிகவும் குறுகலானது. பித்தப்பையின் கழுத்திலிருந்து புறப்படும் சின்னக் குழாயை இங்கே ‘பைக்குழாய்’ என்று வைத்துக்கொள்வோம். அது, கல்லீரலிலிருந்து நேராக இறங்கிவரும் குழாயுடன் சேர்ந்து ‘பொதுப் பித்தநாளம்’ ஆகிறது. அந்த நாளம் போய்ச் சிறுகுடலில் திறக்கிறது. திறக்கும் இடத்தில் கணையத்திலிருந்து வரும் குழாயும் வந்து சேரும். இந்தச் சந்திப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பித்தப்பை முதன்மைப் பாதையில் இல்லை, பக்கத்தில் கிளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அதை எடுத்துவிட்டாலும் கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பித்தநீர் நிற்பதில்லை.

## கல் எப்படி உருவாகிறது?

பித்தநீரில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. அது தண்ணீரில் கரையாத பொருள். அதே நீரிலுள்ள பித்த உப்புகளும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும்தான் அதைக் கரைந்த நிலையில் தாங்கிப் பிடிக்கின்றன. கொலஸ்ட்ரால் கூடினாலோ, தாங்கிப் பிடிப்பவை குறைந்தாலோ, பை சரியாகச் சுருங்காமல் பித்தநீர் தேங்கினாலோ நுண்ணிய படிகங்கள் உருவாகும். முதலில் கசடு, பிறகு மணல், பிறகு கல். இவை கொலஸ்ட்ரால் கற்கள். பழைய ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற நிறமி மிகுந்தும் கல் வரலாம். அவற்றுக்கு நிறமிக் கற்கள் என்று பெயர். ரத்த அணுக்கள் வேகமாக அழியும் நோய்கள் உள்ளவர்களிடம் இவற்றை அதிகம் பார்க்கலாம்.

ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறதே, எனக்கு எப்படிக் கல் வரும் என்று பலர் கேட்பார்கள். வரும். ரத்தத்தில் உள்ள அளவு வேறு, பித்தநீரில் உள்ள அளவு வேறு. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம் வருகிறது. கர்ப்பகாலம், ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகள், வயது, உடல்பருமன், சர்க்கரை நோய், குடும்பத்தில் பிறருக்கு இருப்பது ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும். இன்னொன்றும் உண்டு, கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள்: உடல் எடையை மிக வேகமாகக் குறைப்பது. பட்டினி கிடந்து சில மாதங்களில் எடையைக் கொட்டுகிறவர்களுக்கும், உடல்பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் புதிதாகக் கல் உருவாவது சகஜம். உடலில் சேர்ந்திருந்த கொழுப்பு கரையும்போது கொலஸ்ட்ரால் அதிகமாகப் பித்தநீருக்குள் வருகிறது. சாப்பாடு குறைந்ததால் பையும் சுருங்காமல் கிடக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கல்.

## வலி ஏன் வந்து வந்து போகிறது?

சாஸ் ஊற்றும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அழுத்திப் பிழிந்தால் குறுகலான வாய் வழியாகச் சாஸ் வரும். அதற்குள் ஒரு கோலிக்குண்டு கிடக்கிறது. பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் குண்டு அடியில் கிடக்கும், ஒரு தொந்தரவும் இல்லை. தலைகீழாகக் கவிழ்த்துப் பிழியும்போது சில சமயம் குண்டு வாயில் வந்து அடைத்துக்கொள்ளும். இன்னும் பலமாகப் பிழிந்தால் பாட்டிலுக்குள் அழுத்தம்தான் ஏறும், சாஸ் வராது. கையைத் தளர்த்தினால் குண்டு பின்னால் உருண்டுவிடும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பித்தப்பையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். சாப்பிட்டதும் பை சுருங்குகிறது, கல் கழுத்தில் வந்து மாட்டுகிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது, பையின் சுவர் விரிந்து இழுபடுகிறது, வலி கிளம்புகிறது. சிறிது நேரம் கழித்துப் பை தளர்ந்ததும் கல் பின்வாங்குகிறது, வலி அடங்குகிறது. மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். ‘சரி, வாயுத்தொல்லையாக இருக்கும்’ என்று விட்டுவிடுவதும் இதனால்தான்.

பாட்டிலோடு ஒப்பிடுவது இதுவரைதான் பொருந்தும். பித்தப்பை உயிருள்ள தசை. கல் பின்வாங்காமல் கழுத்திலேயே பல மணி நேரம் சிக்கிக்கொண்டால் சுவர் வீங்கிச் சிவந்துவிடும், ரத்த ஓட்டம் குறையும், கிருமித் தொற்றும் சேரலாம். இதற்குப் பெயர் பித்தப்பை அழற்சி. கல் கழுத்தைத் தாண்டிப் பைக்குழாய் வழியே பொதுப் பித்தநாளத்துக்குள் நழுவிவிட்டால் அது வேறு கதை. அங்கே அடைத்தால் கல்லீரலின் பித்தநீருக்கே வழியில்லாமல் போய் மஞ்சள் காமாலை வரும். கணையக் குழாய் சேரும் சந்திப்பில் போய் அடைத்தால் கணையம் வீங்கும். இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. நழுவிப் போகக்கூடியவை சிறிய கற்கள்தான். ‘சின்னக் கல்தானே’ என்று அலட்சியமாக இருக்க முடியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கல் பைக்குள் சும்மா கிடந்தால் வலி இல்லை. கழுத்தில் மாட்டி விலகினால் வந்து போகும் வலி. மாட்டியது விலகாவிட்டால் அழற்சி. நழுவி நாளத்துக்குள் போனால் காமாலை அல்லது கணைய அழற்சி. நான்குக்கும் சிகிச்சை வெவ்வேறு.

## அந்த வலிதானா இது?

பித்தப்பை வலிக்கென்று ஓர் அடையாளம் உண்டு. வயிற்றின் வலது மேற்பகுதியிலோ நடு மேல்வயிற்றிலோ வரும். வலது தோள்பட்டைக்குப் பின்னால், முதுகுப் பக்கம் பரவலாம். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில். ஏறத் தொடங்கினால் உச்சத்துக்குப் போய் அங்கேயே நிற்கும். சுருக் சுருக்கென்று குத்தி விடும் வகை அல்ல. குறைந்தது அரை மணி நேரம், சில சமயம் நான்கைந்து மணி நேரம் நீடிக்கும். எப்படிப் படுத்தாலும், எழுந்து நடந்தாலும், ஏப்பம் விட்டாலும், மலம் கழித்தாலும் குறையாது. குமட்டலும் வாந்தியும் கூட வரலாம்.

வயிறு உப்புசம், சாப்பிட்டதும் நிறைந்துபோன உணர்வு, புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல் ஆகியவை மட்டும் இருந்தால் கல்லைக் குற்றம் சொல்வது கடினம். கல் இல்லாதவர்களுக்கும் இவை ஏராளமாக உண்டு. ஸ்கேனில் கல் தெரிந்துவிட்டதாலேயே வயிற்றில் வரும் எல்லாத் தொல்லைக்கும் அதுதான் காரணம் என்று முடிவுகட்டுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு என்பேன். அந்த முடிவோடு ஆபரேஷன் செய்துகொண்டால் கல் போய்விடும், உப்புசம் அப்படியே இருக்கும்.

இது வெறும் ஊகம் இல்லை. 2019இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் நெதர்லாந்து ஆய்வு ஒன்று வெளியானது. பித்தப்பைக் கல்லும் வயிற்றுவலியும் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஓராண்டு கவனித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல மருத்துவர் முடிவு செய்தார். மறுபாதிக்கு, வலியின் அடையாளம் கறாராகப் பொருந்தினால் மட்டுமே ஆபரேஷன். இரண்டு குழுவிலும் பெரும்பாலானோருக்குப் பித்தப்பை எடுக்கப்பட்டது. அப்படியும் ஆண்டு முடிவில் வலி அறவே இல்லை என்றவர்கள் ஒரு குழுவில் 56 சதவீதம், மறு குழுவில் 60 சதவீதம். மற்றவர்களுக்கு ஏதோ ஒரு வயிற்றுவலி தொடர்ந்தது. ஆபரேஷன் பயனில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பித்தப்பையால் வராத வலிக்கு அந்த ஆபரேஷன் மருந்தாகாது, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நடு மேல்வயிற்றில் திடீரென வரும் வலி மாரடைப்பாகவும் இருக்கலாம். நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் ‘எனக்குக் கல் இருக்கிறது, அதுதான்’ என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

## கண்டுபிடிக்கும் வழி

முதல் பரிசோதனை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். வலி இல்லாதது, கதிர்வீச்சு இல்லாதது, பித்தப்பைக்குள் இருக்கும் கல்லைக் காட்டுவதில் இதை மிஞ்ச ஆளில்லை. வெறும் வயிற்றில் வரச் சொல்வதற்குக் காரணம், சாப்பிட்டால் பை சுருங்கிவிடும். நிறைந்திருந்தால்தான் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும். ஆனால் பொதுப் பித்தநாளத்தில் இருக்கும் கல்லை இது தவறவிடக்கூடும். நாளம் விரிந்திருந்தாலோ, கல்லீரல் பரிசோதனையில் பிலிருபின் ஏறியிருந்தாலோ அடுத்த கட்டமாக எம்.ஆர்.சி.பி. எடுக்கச் சொல்வார்கள். பித்தநாளங்களை மட்டும் தெளிவாகப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. வகை அது.

## வலி இல்லாத கல்லை என்ன செய்வது?

வேறெதற்காகவோ ஸ்கேன் எடுத்தபோது கல் தெரிந்தது, ஒரு நாளும் வலித்ததில்லை. அப்படியென்றால் பொதுவான பதில்: விட்டுவிடலாம். கல் உள்ளவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு அது எந்தத் தொந்தரவும் தருவதில்லை. ‘இருக்கிறதே’ என்பதற்காக எடுப்பதில் வரும் ஆபத்து, விட்டுவைப்பதில் வரும் ஆபத்தைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது. விதிவிலக்குகள் சில உண்டு: பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பது, 10 மி.மீ. அல்லது அதைவிடப் பெரிய சதை வளர்ச்சி பைக்குள் இருப்பது, 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல், சில ரத்த நோய்கள். இவற்றில் மருத்துவர் ஆபரேஷனை முன்கூட்டியே பேசுவார்.

## வலி வந்த நேரத்தில்

பித்தப்பை வலிக்கு முதல் தேர்வு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை வலிநிவாரணிகள். அழுத்தம் ஏறும்போது பையின் சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. வலியையும் வீக்கத்தையும் அது இன்னும் தூண்டிவிடும். இந்த மருந்துகள் அந்தச் சுரப்பையே தடுப்பதால் வெறுமனே வலியை மறைப்பதோடு நிற்பதில்லை. ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இவை ஆகாமல் போகலாம். மருத்துவர் சொல்லாமல் எடுக்க வேண்டாம். தாங்க முடியாத வலிக்கு மருத்துவமனையில் ஊசி மூலம் இதைவிட வலுவான மருந்து தருவார்கள்.

உணவில் கொழுப்பைக் குறைத்தால் ஹார்மோன் கட்டளை பலம் குறையும், பை மெதுவாகச் சுருங்கும், சிலருக்கு வலி வருவது குறையும். சிகிச்சைக்குக் காத்திருக்கும் காலத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் உணவுக் கட்டுப்பாட்டால் இருக்கிற கல் கரையாது. அதற்காகப் பட்டினி கிடந்தால் மேலே சொன்னபடி நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

## கல்லைக் கரைக்க முடியுமா?

முடியும், ஆனால் மிகச் சிலருக்கு. உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை இருக்கிறது. இது பித்த உப்பு வகையைச் சேர்ந்தது. பித்தநீரில் கொலஸ்ட்ரால் சேர்வதைக் குறைத்து, படிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வைக்கும். வேலை செய்ய வேண்டுமானால் நிபந்தனைகள் பல. கல் கொலஸ்ட்ரால் கல்லாக இருக்க வேண்டும், சுண்ணாம்பு படிந்திருக்கக் கூடாது, சிறியதாக இருக்க வேண்டும், பித்தப்பை நன்றாகச் சுருங்க வேண்டும், பைக்குழாய் திறந்திருக்க வேண்டும். அத்தனையும் பொருந்தினாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை விடாமல் சாப்பிட வேண்டும். கரைந்த பிறகு மாத்திரையை நிறுத்தினால் ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கல் திரும்ப வருகிறது. கல்லை உண்டாக்கிய பையும் பித்தநீரும் அப்படியே இருக்கின்றனவே! அதனால் ஆபரேஷன் செய்ய முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்கே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. உடல் எடை வேகமாகக் குறையும் காலத்தில் புதிய கல் வராமல் தடுக்க இதே மாத்திரை நன்றாகவே உதவுகிறது.

சிறுநீரகக் கல்லுக்கு அதிர்வலை கொடுத்து உடைப்பதுபோல இதையும் உடைக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. 1980களில் அப்படிச் செய்தும் பார்த்தார்கள். உடைந்த துண்டுகள் எங்கே போகும் என்பதுதான் சிக்கல். சிறுநீரகத்திலிருந்து துண்டுகள் சிறுநீரோடு வெளியேறும். இங்கே அவை பொதுப் பித்தநாளம் வழியாக, கணையக் குழாய் சேரும் அந்தச் சந்திப்பைக் கடந்துதான் போயாக வேண்டும். போனாலும் கல் திரும்ப வரும். பித்தப்பைக் கல்லுக்கு அந்த முறை ஏறக்குறைய கைவிடப்பட்டுவிட்டது. நிறையத் தண்ணீர் குடித்தால் கல் போய்விடும் என்பதும் சிறுநீரகக் கல்லிடமிருந்து கடன் வாங்கிய அறிவுரைதான்.

அப்புறம், எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் மறுநாள் பச்சைப் பச்சையாகக் கற்கள் மலத்தில் வருகின்றன என்று படத்தோடு காட்டுவார்கள். பார்க்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். அப்படி வெளியேறிய ‘கற்களை’ ஆய்வுக்கூடத்தில் சோதித்த விவரம் 2005இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. அவற்றில் கொலஸ்ட்ரால் இல்லை, பிலிருபின் இல்லை, கால்சியமும் இல்லை. 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து நிமிடத்தில் பச்சை எண்ணெயாக உருகிவிட்டன. குடித்த எண்ணெய், செரிமான நீரோடு சேர்ந்து குடலுக்குள் சோப்புக் கட்டியாக உறைந்ததுதான் வெளியே வந்திருக்கிறது. பித்தப்பையில் இருந்த நிஜக் கல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதோடு, அவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் குடிப்பது பையைப் பலமாகச் சுருங்க வைக்கும். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

## ஆபரேஷன்: ஏன் பையோடு சேர்த்து?

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையைத் தைத்துவிடக் கூடாதா? இதற்குப் பதில் 19ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டது. அப்போதெல்லாம் பையைத் திறந்து கல்லை மட்டும்தான் எடுப்பார்கள், சில காலத்தில் திரும்ப வரும். பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற அறுவை மருத்துவர், பையே கல்லை உண்டாக்குகிறது, ஆகவே பையை எடுக்க வேண்டும் என்று வாதிட்டார். 1882 ஜூலையில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பித்தப்பையை முழுமையாக அகற்றினார். நோயாளி பிழைத்துக்கொண்டார், வலியும் போனது. அதன்பின் நூறாண்டு காலம் விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்துத்தான் செய்தார்கள். 1985இல் எரிக் மூஹே என்ற ஜெர்மானிய மருத்துவர் சிறு துளைகள் வழியாகச் செய்துகாட்டினார். முதலில் சக மருத்துவர்கள் ஏற்கவில்லை. பத்தாண்டுக்குள் உலகெங்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

இதன் பெயர் லேப்ராஸ்கோப்பி. முழு மயக்கம் கொடுத்து, தொப்புள் அருகே ஒன்றும் மேல்வயிற்றில் மூன்றுமாக, அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அளவில் நான்கு துளைகள் போடுவார்கள். உள்ளே பார்க்கவும் வேலை செய்யவும் இடம் வேண்டுமே, அதற்காகக் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரமாக உயர்த்துவார்கள். ஒரு துளையில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். பைக்குழாயையும் பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியையும் கிளிப் போட்டு வெட்டி, பையைக் கல்லீரலிலிருந்து பிரித்து, கல்லோடு சேர்த்து வெளியே எடுத்துவிடுவார்கள். பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம், ஓரிரு வாரத்தில் வழக்கமான வேலைக்குப் போகலாம். கண்விழித்ததும் சிலருக்குத் தோள்பட்டை வலிக்கும். தோளில் ஒன்றும் செய்யவில்லையே என்று பயப்படுவார்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உள்ளே விட்ட வாயு உறுத்துவதால் வரும் வலி அது, ஓரிரு நாளில் போய்விடும்.

இந்த ஆபரேஷனில் அஞ்ச வேண்டிய விஷயம் ஒன்று: பைக்குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தநாளத்தைக் காயப்படுத்திவிடுவது. ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இது நேர்வதாகக் கணக்கு. அரிதுதான், ஆனால் நேர்ந்தால் சரிசெய்யப் பெரிய அறுவை தேவைப்படலாம். அதனால்தான், பைக்குள் போகும் இரண்டு அமைப்புகளையும் சந்தேகமில்லாமல் பிரித்துப் பார்க்கும்வரை எதையும் வெட்டக் கூடாது என்று அறுவை மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. வீக்கமும் ஒட்டலும் அதிகமாக இருந்து தெளிவாகத் தெரியவில்லையென்றால் துளை வழி முறையைக் கைவிட்டுத் திறந்து செய்வார்கள், அல்லது பையின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பார்கள். இதைத் தோல்வி என்று நினைக்கத் தேவையில்லை. சரியான நேரத்தில் பாதையை மாற்றிக்கொள்ளும் மருத்துவர்தான் நமக்கு வேண்டும்.

## வலி உள்ளவர் காத்திருக்கலாமா?

ஒரு முறை உண்மையான பித்தப்பை வலி வந்தவருக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். சிக்கல்கள் வருவதும் பெரும்பாலும் இவர்களுக்குத்தான். அதனால் வலி திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு ஆபரேஷனே வழக்கமான பரிந்துரை. ஆனால் நாளைக்கே செய்தாக வேண்டும் என்பதில்லை. பிரிட்டனில் சிக்கலில்லாத கல் வலியுள்ள 434 பேரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. பாதிப் பேரை ஆபரேஷனுக்கும், மறுபாதியைத் தேவைப்பட்டால் வலிமருந்தோடு காத்திருக்கவும் ஒதுக்கினார்கள். 18 மாதங்களில் இரு குழுவின் வலி அளவிலும் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. காத்திருந்த குழுவில் கால்வாசிப் பேருக்குத்தான் அதற்குள் ஆபரேஷன் ஆனது. ஒன்றரை ஆண்டு நீண்ட காலமில்லை என்பது உண்மை. ஆனால் எப்போதாவது லேசாக வலிக்கிறவர், வேறு நோய் காரணமாக மயக்க மருந்துக்கு அஞ்சுகிறவர், தேதியைத் தள்ளிப்போட வேண்டிய நிலையில் இருப்பவர் ஆகியோர் மருத்துவரிடம் காத்திருப்பதைப் பற்றித் தாராளமாகப் பேசலாம் என்பதற்கு இது ஆதாரம். வலி அடிக்கடி வருகிறது, தூக்கம் கெடுகிறது, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பயந்து உட்கார வேண்டியிருக்கிறது என்றால் காத்திருப்பதில் லாபம் இல்லை.

கர்ப்பிணிகளுக்கு முடிந்தவரை மருந்தோடு சமாளிப்பார்கள். தவிர்க்க முடியாவிட்டால் கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்கள் வசதியான காலம்.

## இனி காத்திருக்கக் கூடாத கட்டம்

வலி ஐந்தாறு மணி நேரத்தைத் தாண்டியும் குறையவில்லை, காய்ச்சல் அடிக்கிறது, வலது விலாவுக்குக் கீழே கைவைத்து மூச்சை உள்ளே இழுத்தால் சுருக்கென்று மூச்சே நின்றுவிடுகிறது என்றால் பித்தப்பை அழற்சியாக இருக்கலாம். மருத்துவமனையில் சேர்த்து, ரத்தநாளம் வழியாகத் திரவமும் கிருமிக்கொல்லி மருந்தும் தருவார்கள். முன்பெல்லாம் வீக்கம் வடியட்டும் என்று ஆறு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். இப்போது சேர்ந்த சில நாட்களுக்குள், அதிகபட்சம் ஒரு வாரத்துக்குள் பையை எடுத்துவிடுவதே நல்லது என்று கருதப்படுகிறது. மயக்க மருந்தைத் தாங்க முடியாத அளவுக்கு நோயாளி நலிந்திருந்தால், தோல் வழியாக ஒரு குழாயைப் பித்தப்பைக்குள் செருகித் தேங்கியதை வடித்து ஆபத்தைத் தாண்டவைப்பார்கள்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கருத்த தேநீர் நிறத்தில் போவது, மலம் வெளுப்பது ஆகியவை கல் பொதுப் பித்தநாளத்தில் இருக்கலாம் என்பதைக் காட்டும். அவற்றோடு குளிர்நடுக்கத்துடன் காய்ச்சலும் வந்தால் நாளத்துக்குள் தொற்று. உயிருக்கே ஆபத்தான நிலை, மணிக்கணக்கில் யோசிக்கக் கூடாது. இங்கே பித்தப்பையை எடுப்பதால் மட்டும் பிரச்சினை தீராது, முதலில் நாளத்தைத் திறந்தாக வேண்டும். அதற்கான முறை ஈ.ஆர்.சி.பி. வாய் வழியாக எண்டோஸ்கோப்பியைச் சிறுகுடல்வரை செலுத்தி, நாளம் திறக்கும் வாயைச் சற்றே கீறி, கல்லைச் சின்னக் கூடையாலோ பலூனாலோ இழுத்து எடுப்பார்கள். இதனாலேயே சிலருக்குக் கணையம் வீங்கக்கூடும். எனவே வெறும் சந்தேகத்துக்கு இதைச் செய்வதில்லை, எம்.ஆர்.சி.பி. போன்ற படத்தில் உறுதி செய்துகொள்வார்கள். பிறகு பித்தப்பையையும் எடுப்பார்கள். இல்லாவிட்டால் அடுத்த கல் இறங்கிவரும்.

மேல்வயிற்று வலி நேராக முதுகுக்கு ஊடுருவி, வாந்தி நிற்காமல் இருந்தால் கணைய அழற்சியா என்று ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். லேசான அழற்சி என்றால், அது தணிந்ததும் வீட்டுக்கு அனுப்பாமல், மருத்துவமனையில் சேர்ந்த அதே தடவையிலேயே பித்தப்பையை எடுத்துவிடுவது நல்ல வழக்கம்.

சுருக்கமாக: பையில் உள்ள கல் திரும்பத் திரும்ப வலி தந்தால் பையை எடுப்பது, நாளத்தில் கல் என்றால் முதலில் நாளத்தைத் திறப்பது, அழற்சி என்றால் தொற்றை அடக்கிச் சீக்கிரமே பையை எடுப்பது.

## கல்லே இல்லாமல் வலித்தால்?

சிலருக்கு வலி அச்சு அசலாகப் பித்தப்பை வலிதான், ஆனால் ஸ்கேனில் கல்லே இருக்காது. மற்ற காரணங்களை எல்லாம் விலக்கிய பிறகு, பை சரியாகச் சுருங்குகிறதா என்று கதிரியக்க மருந்து செலுத்திப் பார்க்கும் ஹைடா ஸ்கேன் செய்யலாம். மிகக் குறைவாகச் சுருங்கினால் பையை எடுப்பது சிலருக்குப் பலன் தருகிறது. கல் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு நிச்சயமான பலன் இல்லை, ஆகவே அவசரப்படாமல் இரண்டாவது கருத்து கேட்டுக்கொள்வது நல்லது.

## பை போன பிறகு

சேமிப்பிடம் போய்விட்டதால் பித்தநீர் இப்போது நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் குடலுக்குள் இறங்கும். பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரிவதில்லை. வாழ்நாள் முழுக்கக் கொழுப்பைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடும் கிடையாது. முதல் சில வாரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகினால் போதும். சிலருக்குச் சாப்பிட்டதும் வயிற்றுப்போக்காகப் போகும். குடலில் அதிகமாகச் சேரும் பித்த அமிலம்தான் காரணம். பெரும்பாலும் தானே அடங்கும். மாதக்கணக்கில் நீடித்தால் அந்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் போன்ற மருந்து உதவும். ‘ஆபரேஷன் ஆனால் அப்படித்தான்’ என்று பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

பழைய வலியே திரும்ப வந்தால் அதையும் அலட்சியம் செய்யக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே ஒரு கல் நாளத்துக்குள் நழுவியிருந்து அங்கேயே தங்கியிருக்கலாம், அரிதாகப் பல ஆண்டுகள் கழித்து நாளத்திலேயே புதிதாகவும் உருவாகலாம். கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.சி.பி.யும் எடுத்தால் தெரிந்துவிடும். இருந்தால் ஈ.ஆர்.சி.பி. மூலம் எடுத்துவிடலாம், மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியது பெரும்பாலும் இருக்காது.